ஒக்டோபர் 30: ஒரே திகதி, இரண்டு வெளியேற்றங்கள்

தலவாக்கலையிலிருந்து டயகமவுக்குப் போகும் பஸ், லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி மலையேறும்போது ஆறுதலாகத்தான் போகும். பேசுவதற்கு நேரம் நிறையக் கிடைக்கும். சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அந்த பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உயர்தரம் படிக்கும் நம்ம பிள்ளையொருவர். வரலாற்றுப் பாடக் குறிப்பைப் புரட்டிக்கொண்டு வந்தவர் திடீரென்று கேட்டார்:

"சேர், 83ல தொடங்கின யுத்தத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சண்டை நடந்தது வடக்கு கிழக்குல. நாம இருந்தது மலையில. ரெண்டு பகுதியும் அடிச்சிக்கிட்டாங்க, பிறகு வெளிநாட்டுக்காரங்க வந்து பேசினாங்க, முடிஞ்சிது. அவ்வளவுதானே?"

நான் வாய் திறக்குமுன் முன் ஆசனத்திலிருந்த அம்மா திரும்பினார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மாமனார் காலத்திலிருந்து எங்கள் கடையில் கொப்பிக் கணக்கு வைத்திருந்த குடும்பம்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. எங்க அக்கா குடும்பம் 77ல அடிபட்டு வவுனியாப் பக்கம் போச்சு. அதுக்குப் பொறகு எத்தனை தடவை ஓடுச்சுன்னு கணக்கே கெடையாது."

பிள்ளை கொப்பியை மூடிவிட்டார். நானும் அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அவருடைய கேள்வியில் மூன்று எண்ணங்கள் இருந்தன: யுத்தம் 1983இல் தொடங்கியது, அது இரு தரப்பாரின் யுத்தம், வெளிநாடுகள் பிறகுதான் வந்தன. நமது பாடநூல் படித்த பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் டயகமவில் நின்று பார்த்தால் மூன்றுமே சரியாக இல்லை. அதைக் காட்ட எனக்கு ஒரு திகதி போதும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு அரசுகள் மலையக மக்களை எண்ணிப் பங்கிட்டன. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இடையில் 26 வருடங்கள். முதலாவதைச் செய்தவர்கள் பேனாவோடு இருந்தார்கள். இரண்டாவதைச் செய்தவர்கள் துவக்கோடு வந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இரண்டுக்கும் பொது.

தலையை எண்ணினார்கள், வாக்கை எடுத்தார்கள்

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கும் பல தொகுதிகளில் கைகொடுத்தது. டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் அதைக் கவனித்தது.

அடுத்த வருடம் சுதந்திரம் வந்தது. அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. இந்நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது அச்சட்டம். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்கும் போனது. இதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கணக்கிடும்போது நாடற்றவர்களின் தலையும் சேர்த்தே எண்ணப்பட்டது. ஆசனம் இருந்தது, அதை நிரப்பும் வாக்கு மட்டும் பக்கத்துக் கிராமத்தவருடையதாயிற்று.

1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்: 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்'. என் மூத்தாப்பா இராமநாதபுரம் பக்கமிருந்து வந்து இங்கே கடை போட்டவர். கராச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் அவரும் விண்ணப்பம் போட்டார். இந்தியச் சோனகர் என்று குடிசன மதிப்பீட்டில் எழுதப்பட்ட கடைக்காரர்களும் கொழுந்தெடுக்கும் தொழிலாளரும் ஒரே வரிசையில் நின்றார்கள். "நாம இந்தியாவா பாகிஸ்தானா எண்டு கந்தோர்காரருக்கே வெளங்கல்ல" என்று வாப்பா சிரித்துக்கொண்டு சொல்வார். மூத்தாப்பா சிரித்ததில்லையாம். சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது.

இந்த இடத்தில் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இச்சட்டங்களைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா. நம் சமூகம் கல்விக்காக இன்றும் நன்றியோடு நினைக்கும் பெரியவர்தான். 1949இல் அதே அமைச்சரவையில் யாழ்ப்பாணத்தின் ஜி.ஜி. பொன்னம்பலமும் இருந்தார். அந்த விடயத்தில் பொன்னம்பலத்தோடு முரண்பட்டுப் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பின்னாளில் தனிநாட்டுக் கோரிக்கைவரை போன அரசியல், மலையக மக்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையில்தான் பிறந்தது. எனவே யுத்தத்தின் வேர் வடக்கில் மட்டும் இருக்கவில்லை. அதன் ஒரு கிளைவேர் நமது தேயிலைச் செடிக்கடியில் ஓடியது.

முதலாவது வெளிநாட்டுக் கை

வெளிநாடு 1983க்குப் பிறகு வந்தது என்பதும் தவறு. 1964 ஒக்டோபர் 30இல் புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் பற்றிய ஒப்பந்தம் அது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலைப் பெட்டிகளைக் கூட இவ்வளவு நேராகப் பிரிக்க மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் இந்தியா சீனாவோடு யுத்தம் செய்து தோற்றிருந்தது. அயலிலே ஒரு நட்பு நாடு அதற்குத் தேவை. இலங்கை அரசுக்குச் சிங்கள வாக்காளரின் ஆதரவு தேவை. இருவரின் தேவையும் நிறைவேறியது. தொண்டமானோ தொழிலாளரின் வேறு எந்தப் பிரதிநிதியோ அந்த மேசையில் இல்லை.

தலைமன்னார்க் கோச்சி ஏறிப்போனவர்களை வழியனுப்ப வாப்பா ஹட்டன் ஸ்டேஷன்வரை போவாராம். கடன் வசூலிக்கப் போகிறார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். உண்மை வேறு. இராமேஸ்வரத்தில் இறங்கியதும் யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு அக்கரையிலிருந்த நம் உறவுக்காரரின் விலாசத்தை எழுதிக் கொடுக்கத்தான் போனார். அந்தக் கொப்பிகளில் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. கணக்குத் தீராத பெயர்களுக்கு நேரே வாப்பா ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்.

மலையிலிருந்து எல்லைக்கு

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் பாரம்பரியத் தாயகம் என்பது தமிழரசுக் கட்சியின் நிலைப்பாடு. அதற்கு நேரெதிரே அரசின் குடியேற்றத் திட்டங்கள் நின்றன. 1949இல் தொடங்கிய கல்லோயா, பின்னர் கந்தளாய், பதவியா, மகாவலி என்று ஒவ்வொன்றிலும் தண்ணீரோடு குடியேற்றமும் வந்தது. கல்லோயாவால் கிழக்கின் முஸ்லிம் விவசாயிகளும் கவலைப்பட்டார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1957இல் பண்டா–செல்வா உடன்படிக்கை, அடுத்த வருடமே அது கிழிந்தது. 1972இல் புதிய அரசியலமைப்பு. ஒவ்வொரு கதவும் அடைபட்ட பிறகு 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

அந்தத் தீர்மானத்தின் தேசப்படத்தில் வடக்கும் கிழக்கும் இருந்தன. நுவரெலியா இல்லை. இருக்கவும் முடியாது. மலையகத் தமிழன் விரும்பினால் அங்கே வந்து பிரஜையாகலாம் என்பதுதான் அவனுக்குக் கொடுத்த இடம். கூட்டணியின் தலைவர்களுள் ஒருவராயிருந்த தொண்டமானும் அவருடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் தனிநாட்டுக் கோரிக்கையில் சேர்ந்துகொள்ளவில்லை. 1978இல் அவர் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவைக்குப் போனார். முஸ்லிம்களோ கிழக்கில் மூன்றில் ஒரு பங்கினர். அவர்களில் ஒரு சாரார், எம்.எச்.எம். அஷ்ரப் உட்பட, 1977 தேர்தலில் கூட்டணியோடு சேர்ந்து நின்றார்கள். முஸ்லிம்கள் தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்று பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அடிப்பவன் தேசப்படம் பார்த்து அடிப்பதில்லை. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் தோட்டங்கள் தாக்கப்பட்டன. பஸ்ஸில் பேசிய அம்மாவின் அக்கா குடும்பம் போனது அப்போதுதான். மலையிலே பாதுகாப்பில்லை, தமிழர் ஊரிலே இருப்போம் என்று ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். எஸ்.ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களுக்கு நிலம் திருத்திக் கொடுத்தது. குடியேற்றங்களுக்கு எதிரே, எல்லையோரமாக, இந்த ஏழைகள் இருத்தப்பட்டார்கள். 1983 ஜூலையில் நுவரெலியா நகரம் எரிந்தது. அதே மாதம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 கைதிகளுள் இராஜசுந்தரமும் ஒருவர். அப்போதும் மலையிலிருந்து வடக்கு நோக்கிப் போனார்கள். யுத்தம் அவர்களைத் தேடி வரவில்லை. அது நடக்கவிருந்த இடத்துக்கே அவர்கள் துரத்தப்பட்டார்கள்.

புதுடில்லியின் கணக்கு

1983க்குப் பிறகு இந்தியா ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தது. ஒருபுறம் ஜி. பார்த்தசாரதியை அனுப்பிச் சமரசம் பேசியது. மறுபுறம் தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது. தமிழ்நாட்டின் கொந்தளிப்பு உண்மையானது. ஆனால் டில்லிக்குக் கவலை வேறும் இருந்தது: திருகோணமலைத் துறைமுகம் யார் கைக்குப் போகும்? ஜே.ஆரின் அரசாங்கம் மேற்குநாடுகளோடு நெருங்கியிருந்தது. 1984இல் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்கள் பிரிவொன்று திறக்கப்பட்டது; இஸ்ரேலியர் பயிற்சியளிக்க வந்தார்கள். முஸ்லிம்கள் வீதியில் இறங்கி எதிர்த்தது நமக்கு ஞாபகமிருக்கும். 1990இல் பிரேமதாச அதை மூடினார்.

1985இல் பூட்டானின் திம்புவில் பேச்சு நடந்தது. தமிழ்த் தரப்பு நான்கு கோட்பாடுகளை வைத்தது: தனித் தேசிய இனம், தாயகம், சுயநிர்ணயம், நான்காவதாக எல்லாத் தமிழருக்கும் பிரஜாவுரிமை. நான்காவது மலையகத்துக்கானது. முதல் மூன்றையும் அரசாங்கம் ஏற்கவில்லை. நான்காவதில் மட்டும் அசைவு தெரிந்தது. 1986 ஜனவரியில் இ.தொ.கா. தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தியது. அதே வருடம் நாடற்றோருக்கான சட்டம் வந்தது. தேயிலை நின்றால் டொலர் நிற்கும் என்பதை அரசாங்கம் அறிந்திருந்தது. இயக்கங்களுக்கும் அவர்கள் பகைத்துக்கொள்ளக் கூடாதவர்கள் ஆகிவிடக் கூடாது என்ற கணக்கும் இருந்தது. உரிமை கிடைத்தது நல்லதே. எந்த நேரத்தில் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். இந்நாடு சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் வாழும் பல்லின நாடு என்று அது சொல்கிறது. மலையகத் தமிழருக்குத் தனியாக ஒரு சொல் இல்லை. முஸ்லிம்களின் பெயர் உண்டு. ஆனால் அவர்கள் மூன்றில் ஒரு பங்காக வாழும் கிழக்கை வடக்கோடு இணைக்கும்போது அவர்களின் கருத்து கேட்கப்படவில்லை. கிழக்கில் நடத்துவதாகச் சொன்ன சர்வஜன வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவேயில்லை. ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் என்ன இருந்தது? திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் வெளிநாட்டு ஒலிபரப்பும். இந்தியாவுக்கு அவசியமானவை கடிதத்தில் தெளிவாக இருந்தன.

இந்திய அமைதிப்படை வந்தது. மூன்று மாதத்துக்குள் புலிகளோடு யுத்தம் தொடங்கியது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் வைத்தியர்களும் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் இந்த மண்ணில் மாண்டார்கள். 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் போனது. அதன் பிறகு வந்த ஏழு மாதங்கள் நமக்கு மிகக் கொடியவை.

உலகம் வேறுபக்கம் பார்த்த வருடம்

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அன்றே ஐ.நா. பாதுகாப்புச் சபை கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த நாள் இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பத்து நாள் கழியுமுன் ஏறாவூர். எண்ணெய் உள்ள நிலத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகள் திரண்டன. காத்தான்குடிக்காகப் பாதுகாப்புச் சபை கூடவில்லை. முஸ்லிம் நாடுகளுக்கும் அப்போது குவைத்துதான் கவலை. இங்கே நம் வீடுகளிலும் வானொலியில் குவைத் செய்தியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். நம் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் போன பெண்பிள்ளைகள் அங்கே சிக்கியிருந்தார்கள்.

ஒக்டோபர் நடுவில் சாவகச்சேரி, பிறகு மன்னார், கடைசியாக 30ஆம் திகதி யாழ்ப்பாணம். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வடமாகாணம் முழுவதிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த வருடம் மலையக வியாபாரிகள் சிலர் சேர்த்த அரிசி, தேயிலை, பழைய கம்பளிகளோடு நானும் புத்தளம் போனேன். கிடுகுக் கொட்டிலொன்றில் யாழ்ப்பாணத்துத் தையற்காரர் ஒருவரைச் சந்தித்தேன். வீட்டைப் பற்றியோ நகையைப் பற்றியோ அவர் பேசவில்லை. "தம்பி, கலியாணத்துக்குத் தைக்கக் குடுத்த சட்டையள் மெசினுக்கு மேல அப்படியே கிடந்தது. அளவெடுத்த துணி. அந்தப் பிள்ளையள் என்ன செய்திருக்குங்களோ" என்றார். அந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள். தன்னைத் துரத்தியவர்கள் யாரென்று அவருக்குத் தெரியும். தன் வாடிக்கையாளர் யாரென்பதும் தெரியும். இரண்டையும் அவர் ஒன்றாக்கவில்லை. நம் மேடைகளில் பல வருடங்களாக அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் டயகமவிலிருந்து வருகிறேன் என்றதும், "உங்கட மலையாக்கள் கிளிநொச்சியில நிறைய இருக்கினம். என்னட்டையும் தைப்பிச்சவை. பாவங்கள், காசைச் சில்லறையாத்தான் தருவினம்" என்றார்.

நோர்வேயின் மேசையில் இரண்டு கதிரை

2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒருபக்கம் ரணில் விக்கிரமசிங்க, மறுபக்கம் வேலுப்பிள்ளை பிரபாகரன். மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாத முஸ்லிம்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்ற கருத்து அதன் முகவுரையில் உண்டு. அந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கல். 75,000 பேர் வெளியேற்றப்பட்ட பிறகும் நாம் 'நேரடித் தரப்பு' இல்லை. தரப்பாவதற்குத் துவக்கு வேண்டியிருந்தது.

நோர்வேயின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அனுசரணையாளர் சண்டையை நிறுத்தத்தான் வருகிறார். சண்டை பிடிப்பவரோடுதான் பேசுகிறார். சும்மா இருந்தவன் மேசைக்கு வருவதேயில்லை. அந்த ஏப்ரலில் ரவூப் ஹக்கீம் வன்னிக்குப் போய்ப் பிரபாகரனோடு ஒரு புரிந்துணர்வுக்கு வந்தார். முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்று சொல்லப்பட்டது. மூன்று மாதத்துக்குள் மூதூரிலும் வாழைச்சேனையிலும் மோதல். தாய்லாந்தில் பேச்சு தொடங்கியபோது ஹக்கீம் அரச தூதுக்குழுவின் ஓர் உறுப்பினராகத்தான் அமர்ந்தார். தனித்தரப்புக் கோரிக்கை ஏற்கப்படாத நிலையில் 2003 ஜனவரியில் கிழக்கின் முஸ்லிம் மாணவர்கள் ஒலுவில் பிரகடனத்தை வெளியிட்டார்கள்.

2004 டிசம்பரில் சுனாமி. கிழக்குக் கரையில் நம்மவர் கொத்துக் கொத்தாய் மாண்டார்கள். நிவாரணத்தைப் பகிர 2005 ஜூனில் செய்த பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் அரசும் புலிகளும் மட்டுமே. குழுக்களில் முஸ்லிம்களுக்குக் கதிரை இருந்தது; கையெழுத்தில் இடமில்லை. அலைக்கு இரண்டு தரப்பு இருக்கவில்லை, ஆவணத்துக்கு இருந்தது.

மலையகமோ அந்த மேசைகள் எதிலும் இல்லை. 1984இல் யுத்தத்தால் தலைமன்னார்க் கப்பல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டோடு போகாமல் தங்கிவிட்டவர்கள் பல்லாயிரம். 2003இல்தான் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையாளர் அலுவலகத்தின் துணையோடு சில நாள்களிலேயே ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜையானார்கள். 1948இல் எடுத்ததைக் கொடுக்க 55 வருடம் பிடித்தது.

ஜெனீவாவில் உயர்ந்த கைகள்

2009 மே 18இல் யுத்தம் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று பின்னர் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு சொன்னது. அரசு அதை மறுத்தது. வன்னியில் அகப்பட்டவர்களுள் மலையிலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள். பஸ்ஸில் வந்த அம்மாவுக்கு அக்காவிடமிருந்து கடிதம் செட்டிக்குளம் முகாமிலிருந்துதான் வந்தது. போனது ஒன்பது பேர். கடிதத்தில் ஐந்து பெயர் இருந்தது.

அந்த மே மாதம் 27ஆம் திகதி ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கைக்குச் சாதகமான தீர்மானமொன்றை 29க்கு 12 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. காஷ்மீரில் மோதிக்கொள்ளும் இந்தியாவும் பாகிஸ்தானும் அன்று ஒரே பக்கம் கையுயர்த்தின. சீனாவும் சவூதி அரேபியாவும் கூட அப்பக்கமே. 2012இல் இந்தியா மாறி வாக்களித்தது, 2014இல் ஒதுங்கிக்கொண்டது. கொலையுண்டவர்களின் எண்ணிக்கை மாறவில்லை. நாடுகளின் தேவைதான் மாறியது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2021. கொவிட் தொற்றில் இறந்தோரைக் கட்டாயமாகத் தகனம் செய்த காலத்தில் நாம் பட்டது எல்லோருக்கும் தெரியும். பெப்ரவரி 23, 24இல் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனார். 25ஆம் திகதி நல்லடக்கத்துக்கு அனுமதித்து வர்த்தமானி வெளியானது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. மார்ச் 23இல் ஜெனீவாவில் வாக்கெடுப்பு. பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கைக்காக, தீர்மானத்துக்கு எதிராகக் கையுயர்த்தின. இந்தோனேசியாவும் பஹ்ரைனும் இந்தியாவும் ஒதுங்கின. 22க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறியது.

ஓட்டமாவடியில் குழி கிடைத்ததற்கு நாம் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீர்மானம் எதைப் பற்றியது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு ஒரு பதில் தேடுவதைப் பற்றியது. கட்டாயத் தகனத்தைக் கண்டிக்கும் வரியும் அதே தீர்மானத்தில்தான் இருந்தது. நம் ஜனாஸாவுக்காகப் பேசிய நாடு அந்தத் தாய்மாருக்கு எதிராக வாக்களித்தது. நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. 1964இல் கோச்சியேறியவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசாதிருந்தது போல, 1990இல் நம்மைப் பற்றித் தமிழ்த் தலைமைகள் பல பேசாதிருந்தது போல, இந்தத் தடவை நம் முறை.

பஸ்ஸில் சொல்ல நினைத்த பதில்

அந்தப் பிள்ளைக்கு என் பதிலைச் சுருக்கிச் சொல்கிறேன். யுத்தம் நிலத்துக்காக நடந்தது; ஆனால் அது தொடங்கியது ஆள்களை எண்ணுவதில். யார் உள்ளே, யார் வெளியே என்று 1948இல் போட்ட கணக்கையே பிறகு வந்தவர்கள் துவக்கோடு தொடர்ந்தார்கள். அரசு அதைச் செய்தது. அரசை எதிர்த்தவர்களும் தங்களிடம் சிக்கியவர்களுக்கு அதையே செய்தார்கள். வெளிநாடுகள் ஒவ்வொரு தடவையும் வந்தன. இந்தியா துறைமுகத்துக்காக வந்தது, நோர்வே போர்நிறுத்தத்துக்காக வந்தது, மற்றவை வாக்குக்காகவும் ஆயுதச் சந்தைக்காகவும் வந்தன. அவற்றால் சில நன்மைகளும் கிடைத்தன. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் பத்தாயிரம் வீடுகள் தருவதாகச் சொன்னார். வீடு வேண்டாமென்று லயத்திலுள்ள யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு நாட்டின் உதவியை நம்பி அயலவனைக் கைவிடுவது கெட்டித்தனமல்ல. அந்த நாடு போய்விடும். 1990 மார்ச்சில் கப்பல் போனது போல.

வடபுல முஸ்லிம்கள் இன்றும் முழுமையாகத் திரும்பவில்லை. 2009க்குப் பிறகு அவர்கள் 'பழைய அகதிகள்' என்றும் வன்னி மக்கள் 'புதிய அகதிகள்' என்றும் பிரிக்கப்பட்டு, உதவி பெரும்பாலும் புதியவர்களுக்கே போனது. மலையகத்தில் இருநூறு வருடம் கடந்தும் பலருக்குக் குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதியில்லை. இவ்விரண்டும் முடியாத வேலைகள். ஒன்றுக்காகப் பேசுபவர் மற்றதற்காகவும் பேசினால்தான் இரண்டுக்கும் பெறுமதி வரும்.

ஒக்டோபர் 30இல் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தை நாம் வருடாவருடம் நினைவுகூருகிறோம். எனக்கு ஒரு யோசனை உண்டு. அன்றைய கூட்டத்தில் 1964ஐயும் சொல்லுவோம். கோச்சியேறியவர்களின் உறவினர் ஒருவரை அழைத்துப் பேசவைப்போம். மே 18இல் அவர்கள் விளக்கேற்றும்போது நாமும் போய் நிற்போம். யாருடைய அனுசரணையும் இதற்கு வேண்டியதில்லை.

பஸ் டயகமவில் நின்றபோது அந்த அம்மாவின் பையைப் பிள்ளைதான் இறக்கிக் கொடுத்தார். "அக்காவுட பேரப்பிள்ளை கிளிநொச்சியில படிக்குதாமா?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. "ஓம் தம்பி, ஒங்க வயசுதான்" என்றார் அம்மா. இருவரும் கதைத்துக்கொண்டே லயத்துப் பாதைவரை நடந்தார்கள்.